மல்பெரி வீதியில் தங்கிய நிழல்

லண்டனின் மேற்கு விளிம்பில், விமான நிலையத்துக்கு இவ்வளவு கிட்டவாக மனிசர் குடியிருக்கலாமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிற மல்பெரி வீதியில், ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், ரொறன்ரோவுக்குப் புறப்பட்ட நீலவால் கம்பனியின் பெரிய விமானமொன்று வழக்கம்போலக் கூரைகளை உரசுவதுபோல ஏறி மேற்கே போனது. அதன் நிழல் போகவில்லை. அதன் மூக்கு, ஞானம் அண்ணையின் பலசரக்குக் கடை வாசலிலும், இறக்கைகள் இரண்டு பக்கத்து வீடுகளின் முன்வளவுகளிலும், வால் சுகிர்தாவின் வீட்டுப் படியிலுமாக, வீதியின் நீளத்துக்கு அது கிடந்தது. பின்னேரம் வெயில் சாய்ந்து, விளக்குக் கம்பங்களின் நிழலெல்லாம் நீண்டு கிழக்கே சரிந்தபோதும் அது சரியவில்லை. அடுத்த நாள் மழை பெய்தது. மழைக்குள்ளும் கிடந்தது.

சுகிர்தா அப்போது முன்பக்கத்துக் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். யன்னல் இருண்டது, இரைச்சல் தலைக்கு மேலால் போய்த் தேய்ந்தது, வெளிச்சம் திரும்பி வரட்டும் என்று தண்ணீருக்குள் அவளுடைய கை தானாகவே அசையாமல் நின்றது. வெளிச்சம் வரவில்லை. அவள் வன்னியில், தருமபுரத்தில் வளர்ந்தவள். குண்டு போடக் கிபிர் விமானங்கள் வந்த காலத்தில் பள்ளிக்கூட வளவில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தது என்னவென்றால், சத்தத்தை நம்பாதே, அது பிந்தித்தான் வரும், நிழலைப் பார்; நிழல் உன்னைத் தாண்டிவிட்டால் அந்தச் சுற்றில் குண்டு உனக்கில்லை; தாண்டும்வரைக்கும் முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு கிட. தாண்டாமல் நின்றுவிடுகிற நிழலைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

அவளுடைய புருசன் பகீரதன், நீலவால் கம்பனியில் பயணப்பொதிகள் ஏற்றுகிற வேலை செய்கிறவன், அன்று வேலையால் வந்து வாசலிற் கிடந்த வாலின் மேலால் சப்பாத்தோடு நடந்து உள்ளே வந்தான். என்ன பயம், நிழல்தானே என்றான்.

"போன விமானத்தின்ர நிழல் எண்டால் போயிருக்கும்," என்றாள் சுகிர்தா. "இது இன்னும் போய் முடியேல்லை."

அடுத்த நாளிலிருந்து அவள் முன்கதவைப் பூட்டிவிட்டு, பின்வளவு வேலியில் ஒரு பலகையைக் கழற்றி, ஒழுங்கைக்குள்ளால் சுற்றி மகள் ஆரணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகத் தொடங்கினாள். ஆரணிக்கு ஒன்பது வயது. முன்வாசலில் தன்னுடைய சிநேகிதிகள் வாலுக்குள் நின்று விளையாடுவதை அவள் மாடி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் வீதி அதற்குப் பழகத் தொடங்கியிருந்தது. முதலில் சுற்றி நடந்தவர்கள் பிறகு ஓரமாக நடந்தார்கள், பிறகு குறுக்கால் நடந்தார்கள். நிழலுக்குள் ரோசாச்செடிகள் பட்டுப்போயின, பாசி நன்றாக வந்தது. எனவே ரோசா வைத்தவர்கள் நிழலில் வளர்கிற பன்னச்செடி வைத்தார்கள். நிழலுக்குள் எப்போதும் கார்த்திகை மாதத்துக் குளிர் இருந்ததால் ஞானம் அண்ணை கொத்தமல்லிக் கட்டுகளையும் முருங்கைக்காய்ப் பெட்டிகளையும் கடைக்கு வெளியே, மூக்கின் மேல் அடுக்கினார், அவை வாடவில்லை. அதற்குள் அதிக நேரம் நின்றால் விமானம் இறங்கும்போது அடைக்கிறதுபோலக் காது அடைத்தது; அதற்கு ஞானம் அண்ணை புளிப்பு இனிப்பு விற்றார். எதிர்வீட்டுக் குர்மீத் அக்கா, கென்யாவிலிருந்து வந்த பஞ்சாபிக்காரி, தன் மகளுடைய கலியாணப் படங்களை வலது இறக்கையில் வைத்து எடுப்பித்தாள், வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் நன்றாக வந்தது என்றாள். பெண்சாதியை இழந்து தனியே இருந்த பற்றிக் என்ற வெள்ளைக்காரர் மட்டும் கொஞ்சநாள் கவுன்சிலுக்குப் புகார் சொன்னார். கவுன்சில்காரர் வந்து பார்த்து, பகலிலும் எரியும்படி தெருவிளக்குகளைத் திருத்திவிட்டு, நிழலுக்குள் கார் நிற்பாட்டக்கூடாது என்று ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பற்றிக் நிழலுக்குள் கதிரை போட்டுப் பத்திரிகை வாசித்தார்.

நிழலைத் தொலைத்த விமானத்தையும் கண்டுபிடித்தார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டிப் போகிற நீலவால் கம்பனியின் பெரிய விமானங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆற்றின் பெயர் உண்டு. ரொறன்ரோவிலிருந்து திரும்பி வந்து தளத்தில் நின்ற மெட்வே என்ற விமானத்தின் இறக்கைக்குக் கீழே வெயிலுக்கு ஒதுங்கப் போன பொதி ஏற்றுகிறவர்கள், அங்கே நின்றும் தலையில் வெயில் சுடுகிறதை உணர்ந்தார்கள். பகீரதனும் அவர்களில் ஒருவன். எஞ்சினியர்கள் எல்லாவற்றையும் சோதித்தார்கள். பறக்கிறதற்கு நிழல் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லாததால் மெட்வே தொடர்ந்து பறந்தது. ஆனால் சமுத்திரத்துக்கு மேல் போகும்போது, கீழே வெயில் விழுந்த முகில்களில் கூடவே ஓடிவருகிற அந்தச் சின்ன நிழலைக் காணாமல், தான் உண்மையில் அங்கே இருக்கிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டதாகச் சொல்லி ஒரு விமானப் பணிப்பெண் வேலையை விட்டாள். அதன் பிறகு ஆட்கள் எந்த ஆறு என்று கேட்டுத்தான் ரிக்கற் எடுத்தார்கள். மெட்வே பாதி வெறுமையாகப் பறந்தது.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. பொஸ்ரன், ஹலிபக்ஸ், நியூயோர்க் என்று கடல் கடந்த பாதைகளைக் கூட்டுவதற்கு நீலவால் கம்பனி புது விமானங்களுக்குச் சொல்லிவைத்திருந்தது. அவை இறங்குவதற்குப் புதிய ஓடுபாதை ஒன்று வேண்டும், அது மல்பெரி வீதியை முழுதாக விழுங்கிக்கொண்டு போகும் என்பது நிழல் விழுவதற்கு முன்னமே முடிவான விசயம். வீதியில் எல்லோரும் எங்கே போவது என்று வீடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். இப்போது விமானிகளின் சங்கம், விமானமொன்றின் நிழல் நிரந்தரமாகக் கிடக்கிற ஓடுபாதையில் தாங்கள் இறங்க மாட்டோம், அங்கே நிற்பது நிழலா விமானமா என்று மேலிருந்து யார் சொல்ல முடியும் என்றது. கம்பனி நிழலின் மேல் தார் ஊற்றிப் பார்த்தது. நிழல் தாருக்கு மேலே வந்து கிடந்தது. சுண்ணாம்பு பூசிப் பார்த்தது, சுண்ணாம்பு கறுத்தது. ஓடுபாதை வேலை நின்றுபோனது.

அந்தக் கிழமை மல்பெரி வீதியில் பாயசம் காய்ச்சினார்கள். ஞானம் அண்ணை மூக்கடியில் சாம்பிராணி காட்டினார். குர்மீத் அக்கா இறக்கையைக் கூட்டித் துடைத்தாள். வீட்டை வித்துப்போட்டுப் போக வேண்டியதில்லை என்று பகீரதன் மகளைத் தூக்கிச் சுற்றினான். அவ்வளவு சந்தோசத்துக்கும் நடுவில், சுகிர்தா மாடி யன்னலடியில் நின்று, தான் நாளாந்தம் பார்த்துவருகிற ஒன்றை மறுபடி பார்த்தாள்.

நிழலின் விளிம்பு கூராகிக்கொண்டு வந்தது. சித்திரையில் அது புகைபோல, எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியாமல் இருந்தது; ஆனியில் துணி வெட்டினதுபோல இருந்தது; ஆடியில் இறக்கைக்குக் கீழே எஞ்சின்கள் தனியாகத் தெரிந்தன. உயரத்தில் போகிறதன் நிழல் கலங்கியிருக்கும், கீழே பதிந்து வருகிறதன் நிழல் தெளியும் என்பது அவளுக்கு உடம்பிலேயே இருந்த அறிவு. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த வீதிக்கு நேர் மேலே, அவசரமில்லாமல், இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் காலையில் அவள் பார்த்தபோது, நிழல், தரையிறங்கப்போகிற விமானத்தைப்போல, சில்லுகளை இறக்கியிருந்தது.

அவள் படிகளுக்குக் கீழே இருந்த அலுமாரியை வெறுமையாக்கினாள். தண்ணீர்ப் போத்தல்கள், பிஸ்கட், கடவுச்சீட்டுகள், ஆரணியின் இழுப்புக்கு அடிக்கிற பம்ப், ஒரு போர்வை எல்லாவற்றையும் அதற்குள் வைத்தாள். தாழ்வாக ஏதாவது பறந்த சத்தம் கேட்டால் மகளை இழுத்துக்கொண்டு அதற்குள் போய் இருந்தாள். பகீரதன் முதலில் சிரித்தான், பிறகு கோபித்தான், பிறகு அக்கம்பக்கத்தில் இதைச் சொல்லாதே என்று கெஞ்சினான். அவளைப் பிழையாக நினைத்துவிடுவார்கள் என்பதுதான் அவனுடைய பயம். அவனும் அதே ஊர்ப்பக்கத்தான்தான், ஆனால் சண்டை இறுகுவதற்கு முன்னமே கொழும்புக்குப் போய்விட்டவன். அதை அவர்கள் ஒருநாளும் பேசுவதில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, காற்று மாறி விமானங்கள் வேறு திசையால் இறங்க நேர்ந்தபோது, மெட்வே வீதிக்கு மேலால் மிகவும் பதிந்து போனது. வீதியில் நின்றவர்கள் எல்லோரும் கண்டார்கள்: கொடியில் காய்கிற சேலைக்குக் காற்று அடித்ததுபோல நிழல் முழுவதும் ஓரங்களால் எழும்பியது, எழும்பி விமானத்தைப் பார்த்து இழுபட்டது, பற்றிக் கதிரை போட்டு இருந்த இடத்தில் மட்டும் எழும்பாமல் பிடிபட்டு நின்றது. மெட்வே போய்விட, நிழல் மெல்லப் படிந்தது. பற்றிக் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவுமில்லை.

இதை வீதி கண்டதுபோல மெட்வேயின் விமானியும் கண்டிருந்தான். கம்பனி நல்ல வெயிலுள்ள ஒருநாளை முடிவு செய்து அறிவித்தது: ஆட்கள் இல்லாத வெறும் மெட்வே, சில்லுகளை இறக்கிக்கொண்டு, எவ்வளவு மெதுவாகவும் எவ்வளவு பதிவாகவும் போக முடியுமோ அப்படி மல்பெரி வீதிக்கு மேலால் மத்தியானம் போய்த் தன்னுடைய நிழலை எடுத்துக்கொள்ளும், குடியிருப்பாளர்கள் தயவுசெய்து வீடுகளுக்குள் இருக்க வேண்டும்.

தேவாலய மண்டபத்தில் வீதி கூடியது. ஞானம் அண்ணை நிழலின் படத்தைப் பலகையில் கீறி, யார் யார் எங்கெங்கே நிற்பது என்று பிரித்தார். மனிசர் நிற்கிற இடத்தில் நிழல் எழும்பாது, எல்லோரும் இறங்கி நின்றால் விமானத்தால் அதைக் கொண்டுபோக ஏலாது என்பது கணக்கு. அப்போது பின்வரிசையில் இருந்த சுகிர்தா எழும்பினாள். அது இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை, விளிம்பு தெளிந்ததை, சில்லுகள் வந்ததை, அவள் தன்னுடைய குறை ஆங்கிலத்தில் சொன்னாள், பிறகு தமிழில் சொன்னாள். அது போக விரும்பினால் போகட்டும், பிடிக்க வேண்டாம் என்றாள்.

"தங்கச்சி, நிழல் போனால் வீடு போகும்," என்றார் ஞானம் அண்ணை.

"வீடு போனால் போகட்டும் அண்ணை. வீடு போய் நாங்கள் இருந்திருக்கிறம்தானே."

யாரோ அதைக் குர்மீத் அக்காவுக்கும் பற்றிக்குக்கும் மொழிபெயர்த்தார்கள். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் ஏற்கெனவே எங்கேயோ ஒரு வீட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள், இன்னொருமுறை அது தங்களால் ஏலாது என்பதற்காகவே அங்கே கூடியிருந்தவர்கள். அவர்கள் அவளைக் கோபத்தோடு பார்க்கவில்லை, பார்க்காமல் இருந்தார்கள். வாலடி யாருக்கு என்று ஞானம் அண்ணை கேட்டார். தனக்கு என்று பகீரதன் கையை உயர்த்தினான். தன்னுடைய கம்பனி விமானத்துக்கு எதிராகத் தான் நிற்கப்போகிறதையும், அதை மேலிருந்து படம் பிடிப்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டுதான் உயர்த்தினான்.

அந்த நாள் வெயில் குளிராகவும் துப்புரவாகவும் இருந்தது. சுகிர்தா காலையிலிருந்தே படிகளுக்குக் கீழே ஆரணியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வெளியே வீதி நிறைகிற சத்தம், ஞானம் அண்ணை பேர் பேராகக் கூப்பிடுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம் எல்லாம் கேட்டன. பிறகு எல்லாம் அடங்கி, கிழக்கே வெகுதூரத்தில் அந்த இரைச்சல் தொடங்கியது. பாதி குடித்த போத்தலில் தண்ணீரின் மேற்பரப்பு நடுங்குவதைக் கண்டாள். கண்ணை மூடினாள். கண் திறந்தபோது மடி பாரமில்லாமல் இருந்தது, முன்கதவு திறந்து கிடந்தது, அந்தத் திறப்புக்குள்ளால், வாலின் நடுவில், தகப்பனுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஆரணி நின்றாள்.

சுகிர்தா படியில் வந்து நின்றாள். அவளுடைய கால்விரல்களுக்கு முன்னால் நிழல் தொடங்கியது. அது இப்போது கத்தியால் கீறினதுபோல இருந்தது. வீதி முழுவதும் ஆட்கள் தங்கள் தங்கள் இடங்களில் கால்களை அகட்டி நின்றார்கள், வீடுகளின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் மெட்வே வந்தது, ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் நடந்து வருவதுபோல அவ்வளவு பெரிதாக, அவ்வளவு மெதுவாக வந்தது, சில்லுகள் தொங்க வந்தது, அது வர வர நிழல் எழும்பியது, ஆட்களின் பாதங்களுக்குக் கீழே மட்டும் அகப்பட்டு மற்ற எல்லா இடங்களாலும் எழும்பி முழங்கால்வரை, இடுப்புவரை வந்து இழுத்தது. குர்மீத் அக்காவின் சப்பாத்து கழன்று போனது. ஞானம் அண்ணையின் பாரமான உடம்பு நுனிக்காலில் ஏறியது. ஆரணி தகப்பனின் கையில் தொங்கினாள், அவளுடைய இரண்டு கால்களும் நிலத்தில் இல்லை.

சுகிர்தா நிழலுக்குள் இறங்கினாள். குளிர் நெஞ்சுவரை ஏறியது, காது அடைத்தது. அவள் மகளைப் பறித்து நிலத்தில் விழுத்தி, மேலே விழுந்து, முகத்தைத் தாரில் வைத்துக்கொண்டு, வன்னியை விட்ட பிறகு ஒருநாளும் பாவிக்காத குரலில் கத்தினாள்.

"படுங்கோ. எல்லாரும் விழுந்து படுங்கோ."

ஞானம் அண்ணை அதைக் கேட்டு யோசிக்கவில்லை; அவருடைய உடம்பு அவருக்கு முன்னமே விழுந்துவிட்டது. பகீரதன் விழுந்தான். தமிழ் தெரியாத குர்மீத் அக்கா விழுந்தாள், பற்றிக் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு மெல்ல விழுந்தார், மூக்கிலிருந்து வால்வரை அந்த வீதியின் பெரியவர்கள், பிள்ளைகள், அங்கே வேடிக்கை பார்க்க வந்திருந்த பொலிஸ்காரர் இருவர், எல்லோரும் கையைக் காலை விரித்துக் குப்புற விழுந்தார்கள். நின்றபோது ஒவ்வொருவரும் தங்கள் பாதத்தளவு நிழலைத்தான் பிடித்திருந்தார்கள். படுத்தபோது உடம்பளவு பிடித்தார்கள். மெட்வே அவர்களுக்கு மேலால் ஓட்டுக் கூரைகள் கிலுங்கப் போனது, நிழல் ஒருமுறை முழுப்பலத்தோடும் இழுத்தது, முதுகுச் சட்டைகள் எல்லாம் மேலே எழும்பி விழுந்தன, பிறகு அது சோர்ந்து, அவர்களுக்குக் கீழே படுத்துக்கொண்டது.

இரைச்சல் மேற்கே போய் முடிந்தது. பறவைகள்கூடக் கத்தவில்லை.

நிழல் திரும்பவும் தன் விளிம்பு கலங்கி, சில்லுகளை மடக்கி, புகைபோலாகி வருடக்கணக்காக அங்கேயே கிடக்கப்போகிறதென்பதும், ஓடுபாதையை வேறு பக்கமாக, ஆட்களில்லாத கல்லுக்கிடங்குகளின் மேலால் போடப்போகிறார்கள் என்பதும், மெட்வேயை இரவில் மட்டும் பறந்து சாமான் ஏற்றுகிற கம்பனியொன்றுக்கு வித்துவிடப்போகிறார்கள் என்பதும், பகீரதனின் வேலை போய் அவன் ஞானம் அண்ணையின் கடையில் மூட்டை இறக்கப்போகிறான் என்பதும், சுகிர்தா முன்கதவால் போய்வரத் தொடங்கினாலும் படிகளுக்குக் கீழே தண்ணீர்ப் போத்தல்களை ஒருநாளும் எடுக்கமாட்டாள் என்பதும் அங்கே தாரில் கன்னத்தை வைத்துக் கிடந்த எவருக்கும் அப்போது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தாங்கள் கிடக்கிறோம் என்பதும், எப்போது எழும்பலாம் என்று தெரியவில்லை என்பதும்தான்.

"அம்மா, போயிட்டுது," என்றாள் கீழே ஆரணி. "எழும்புவமா?"

"பொறு."

அந்தச் சொல் அடுத்தவருக்குக் கேட்டு, அவருக்கு அடுத்தவருக்குக் கேட்டு, வீதியின் மற்றத் தலைப்புவரை போனது. ஒருவரும் அசையவில்லை. இறக்கையில், காதை நிலத்தில் வைத்துக் கிடந்த பற்றிக் அவளையே பார்த்தார். பகீரதன் பார்த்தான். ஞானம் அண்ணை தலையை மட்டும் மெல்லத் திருப்பினார். "தங்கச்சி, நீர் சொல்லும்," என்றார். "நீர் சொன்னாப்பிறகு எழும்புறம்."

தருமபுரத்தில் அதைச் சொல்வது அவளுடைய பெரியண்ணன். விமானம் போனபிறகு, இரண்டாம் சுற்று வராது என்று பார்த்து, எழும்பலாம் என்று அவன் சொன்ன பிறகுதான் மற்றப் பிள்ளைகள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்புவார்கள். கடைசித் தடவை அவன் சொல்லவில்லை. அவள் அவனுக்குப் பக்கத்தில், அவன் சொல்லுவான் சொல்லுவான் என்று, வெயில் இறங்கும்வரைக்கும் கிடந்தாள்.

இப்போது அவள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். நீலமாக, ஒன்றுமில்லாமல் இருந்தது. ஒன்றுமில்லாமல் இருக்கிற வானத்தை நம்பலாமா என்று அவளுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் பதினைந்து வயதில் அது தெரிந்திருக்க வழியில்லை, அவனும் பயந்து பயந்துதான் ஒவ்வொருமுறையும் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவளுக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியது. மகளின் இதயம் தன் வயிற்றின் கீழே குருவியினதைப்போல அடிப்பதை உணர்ந்தாள். வீதி முழுவதும் காத்துக்கொண்டிருந்தது.

"எழும்பலாம்," என்றாள் சுகிர்தா.

அவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள், உடுப்பைத் தட்டினார்கள், பற்றிக்கைக் கைலாகு கொடுத்துத் தூக்கினார்கள். கடைசி ஆளும் எழும்பி முடியும்வரை அவள் கிடந்த இடத்திலேயே கிடந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.